கரையில் நின்ற படகோட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கார்த்திகை மழையில் நடந்தது இது. எங்கள் ஊர் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி, நடுவில் நாங்கள். அந்த வருடம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு கரையைக் கடப்பதற்குள் இன்னொன்று கிளம்பிவிட்டது. கடலுக்கு யாரும் போகக்கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டு ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது.

நான் மீன் விற்கிறவள். கரையில் கூடையை நிரப்பிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் பொன்னேரி மார்க்கெட்டில் போய் உட்கார்ந்தால் சரக்கு தீர்கிற வரைக்கும் என் வாய் மூடாது. அப்படிப்பட்டவளை வீட்டுக்குள் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும்? வீட்டில் இருக்கிற எல்லோரோடும் ஒரு சுற்று சண்டை போட்டு முடித்துவிட்டேன். கரண்ட் இல்லை, டிவி இல்லை, போனில் சார்ஜும் இல்லை. சண்டை போடுவதற்கும் புதிதாக ஆள் இல்லை.

அப்போதுதான் என் தம்பி அந்த ஆட்டத்தை எடுத்தான்.

தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொன்னேரியில் தங்கி டிப்ளமா படித்தவன். வேலை எதுவும் சரியாக அமையவில்லை. அமைகிற வரைக்கும் என்று என் வீட்டுக்காரரின் படகில் ஏறினான். சர்க்கரை வியாதியில் எங்கள் நைனா தவறிய பிறகு அவனுக்கு நல்லது கெட்டது பார்ப்பது நான்தான். அக்கா சரி என்றால் போவான், வேண்டாம் என்றால் நிற்பான். அந்த மழைக் காலத்தில் அவன் என்னிடம் ஒரு சரிக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

வடக்குத் தெருவில் ஒரு படகுக்காரர் இருக்கிறார். மற்றவர்கள் வானத்தைப் பார்த்துத் தயங்கி நிற்கும்போது அவர் படகு அலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். மீனும் அள்ளிக்கொண்டு வருவார். அவர் தம்பியைத் தன்னோடு வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். மழை விட்டதும் முதல் கடலுக்கே வந்துவிடு என்று. தம்பிக்குப் போக ஆசை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அவனை அனுப்ப ஆசைதான்.

காரணம் என் வீட்டுக்காரர். மனிதர் நல்லவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் கடலில் பாதி வழி போவார், வானத்தைப் பார்ப்பார், தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்ப்பார், படகைத் திருப்பிவிடுவார். மற்றவர்கள் போய்க்கொண்டிருக்கும்போது இவர் எதிரே வந்துகொண்டிருப்பார். கரையில் நிற்கிற பொம்பளைகள் என்னை விடுவார்களா? "இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு கடலுக்குப் போய்ட்டு வந்தாரா, கக்கூசுக்குப் போய்ட்டு வந்தாரா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் டமார் டமாரென்று போட்டேன்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

தம்பி ஒரு சுருக்குப்பையைக் கவிழ்த்தான். கலர் கலராகப் பகடைகள் விழுந்தன. தாயக்கட்டை உருட்டிய கை என்னுடையது, ஆனால் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒன்றுக்கு நாலு முகம், ஒன்றுக்கு எட்டு முகம், நாவல்பழம் அளவில் ஒன்றுக்கு இருபது முகம். ஹாஸ்டலில் சனிக்கிழமைகளில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஆடுவானாம். கட்டம் எங்கே, காய் எங்கே என்று கேட்டேன். ரெண்டும் கிடையாதாம். ஒருத்தன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் இறங்க வேண்டும். கதை சொல்கிறவன் நிலவரத்தைச் சொல்லிவிட்டு, "இப்ப நீ இன்னா பண்ற?" என்று கேட்பான். நாம் செய்வதைச் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும்.

"யாரு ஜெயிப்பா?" என்றேன்.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்கக்கா. எல்லாரும் சேர்ந்து ஆடறது."

"அப்ப எதுக்குடா ஆடறது, பேஜாரு."

ஆனாலும் பாயை விரித்து உட்கார்ந்தோம். வேறு என்ன வேலை இருந்தது? நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டிலிருந்து என் ஓரகத்தி. அவள் புருஷன், என் கொழுந்தனார், மழை வந்தால் போர்த்திப் படுத்துக்கொள்கிற ரகம். அதனால் அவளுக்கும் பேச ஆள் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடினோம். சாரல் உள்ளே அடித்தது.

முதலில் வேஷம் எடுக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை, படைத்தளபதி என்றேன். ஓரகத்தி மந்திரவாதி ஆனாள். என் வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, "படகோட்டி" என்றார்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "மாமா, அதைத்தான தினமும் பண்ற. இங்க நீ ராஜாவாக்கூட ஆவலாம்."

"வேற எனக்கு இன்னா தெரியும் மச்சான்? படகோட்டியே இருக்கட்டும்."

கதை ஆரம்பித்தது. கோட்டைக் கதவு மூடியிருக்கிறது, காவல்காரன் ஈட்டியை நீட்டுகிறான், தளபதி என்ன பண்ணுகிறாள் என்று தம்பி கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மார்க்கெட்டில் நாலு கடை தாண்டிக் கேட்கிற குரல் என்னுடையது. ஆனால் அங்கே பேசுவது நான். இங்கே இன்னொருத்தியாகப் பேச வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். தம்பி அவசரப்படுத்தவில்லை. "மெதுவா யோசிக்கா, அவன் அங்கேயேதான் நிப்பான்" என்றான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "தொற கதவ, உன் ராஜாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று ஒரு அதட்டல் போட்டேன். பகடையை உருட்டச் சொன்னான். பதினெட்டு விழுந்தது. காவல்காரன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்தானாம். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அன்றைக்குச் சோறு போடும்போதுகூடத் தளபதி குரலில்தான் போட்டேன்.

ஓரகத்தி என்னைவிடக் கெட்டிக்காரி. உனக்கு என்ன மந்திரம் வேண்டும் என்று கேட்டதற்கு, மழையிலும் கருவாடு காய்கிற மந்திரம் வேண்டும் என்றாள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த வாரம் அவள் காயப்போட்டிருந்த கருவாடு முழுக்க ஈரத்தில் புழு வைத்துக் கெட்டுப்போயிருந்தது, பாவம். தம்பி மட்டும் சிரிக்காமல், "போடுங்க சின்னக்கா" என்று பகடையை அவள் பக்கம் தள்ளினான். நல்ல எண் விழுந்தது. கோட்டைக்குள் இருந்த கருவாடு மொத்தமும் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டதாக அவன் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நிஜக் கருவாடு காய்ந்த மாதிரி மலர்ந்துபோனாள்.

மறுநாள் நாங்களே தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். கதை ஒரு பெரிய ஏரிக்கரைக்கு வந்திருந்தது. ஏரியின் நடுவில் ஒரு தீவு. அதில் எண்ணெய் ஊற்றாமலே எரிகிற விளக்கு. அதைக் கொண்டுவந்தால்தான் ராஜாவின் ஊரைப் பிடித்திருக்கிற இருட்டு விலகும். தம்பி காலையிலிருந்து உட்கார்ந்து அந்தத் தீவைப் படம் போட்டு வைத்திருந்தான். குகை, பாழடைந்த கோயில், இரண்டு தலைப் பாம்பு எல்லாம் அதில் இருந்தது. எங்களுக்குக் காட்டாமல் மடியில் மறைத்துக்கொண்டு, "கரையில ஒரு படகு கட்டியிருக்கு. இன்னா பண்றீங்க?" என்றான்.

படகென்றால் படகோட்டிதானே பேச வேண்டும். எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம்.

"காத்து எப்படி?" என்றார்.

தம்பி கொஞ்சம் விழித்தான். கதைக்குச் சுவையாக இருக்கட்டும் என்று, "வாடை வேகமா அடிக்குது மாமா" என்றான்.

"நீவாடு? தண்ணி எப்படி இழுக்குது?"

"ஆங்... அதுவும் வேகமா இழுக்குது. எதிர்ப்பக்கம்."

"அப்ப இன்னிக்கு வேணாம். நாளைக்குப் பார்க்கலாம்."

தம்பி சிரித்தான். "சரி, நாளைக்கு ஆயிடுச்சு. இப்போ?"

"காத்து எப்படி?"

"மாமா, அப்படியேதான் இருக்குது."

"அப்ப இன்னிக்கும் வேணாம்."

இப்படியே கதைக்குள் நாலைந்து நாள் ஓடியது. ஓரகத்தி மந்திரத்தால் காற்றை நிறுத்தட்டுமா என்றாள். மந்திரத்தை நம்பிப் படகை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார் மனிதர். தம்பிக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. "மாமா, இது ஆட்டம். புயல்ல போனாத்தான் கதை. எல்லாரும் திரும்பி வூட்டுக்குப் போய்ட்டா அப்புறம் கதை ஏது?"

"கதைக்காகப் படகை எடுப்பாங்களா மச்சான்?" என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரையில் சிரித்த முகங்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. "யோவ், கடல்லயும் இதே, இங்கயும் இதேவா? விளையாட்டுலகூட திரும்பித்தான் வருவியா நீ?" என்று கத்திவிட்டேன். ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தான். அவர் எழுந்து போய் வாசலில் நின்று மழையைப் பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பி அடுப்படிக்கு வந்தான். "பார்த்தியாக்கா, நான் சொன்னேன்ல. இவர் கூட இருந்தா காலத்துக்கும் கரையிலதான். நீ மாமாகிட்ட பேசு, நான் அந்தப் படகுக்குப் போறேன்" என்றான். சரி, நாளைக்குப் பேசுகிறேன் என்றேன். அவனை அனுப்பிவிடுவதென்று மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

அடுத்த நாள் மறுபடியும் பாயை விரித்தது நான்தான். முந்தின நாள் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. "இன்னிக்குத் தளபதி சொல்றேன். நானும் மந்திரவாதியும் படகை எடுத்துக்கினு போறோம். படகோட்டி வேணும்னா கரையிலயே நிக்கட்டும்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, நான் கரையில நிக்கிறேன்" என்றார்.

போனோம். தம்பிக்கு உயிர் வந்துவிட்டது. அலை எப்படி எழுந்தது, மழை முகத்தில் எப்படி அறைந்தது என்று அவன் சொல்லச் சொல்ல நான் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். முதல் பகடை நன்றாக விழுந்தது, ஒரு அலையைத் தாண்டினோம். இரண்டாவது சரியில்லை, படகுக்குள் தண்ணீர் ஏறியது. "திரும்பணும்னா இப்பவே திரும்பிடலாம்கா, இதுக்கு அப்பால முடியாது" என்றான் தம்பி. ஓரகத்தி என் கையைப் பிடித்து, திரும்பிவிடலாம் அக்கா என்றாள். நான் ஓரக்கண்ணால் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படித் திரும்புவேன்? போ என்றேன். உருட்டினேன். ஒன்று விழுந்தது.

இருபது முகத்தில் ஒன்று விழுந்தால் அவ்வளவுதானாம். படகு கவிழ்ந்தது. அப்புறம் ஆளுக்கொரு தடவை உருட்டிப் பார்த்தோம், பிழைக்கவில்லை. "அய்ய, நான் செத்துட்டனா?" என்று ஓரகத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்னொரு வேஷம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கப்போனேன்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவனுக்குக் கதையைப் பாதியில் விடுகிற பழக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "மாமா, நீ கரையில நிக்கிற. உடைஞ்ச பலகை ஒண்ணு வந்து ஒதுங்குது. இப்ப நீ இன்னா பண்ற?" என்றான்.

"ஆளுங்களைச் சேர்த்துக்கினு தேடப் போவேன்" என்றார் உடனே.

"தேடிட்ட. ரெண்டு பேரும் கிடைச்சிட்டாங்க. உயிர் இல்ல. இப்ப இன்னா பண்ற?"

அவர் கையில் இருந்த பகடையைக் கீழே வைத்தார். "அவங்க வூட்டுக்குப் போவணும். யாராவது போய்ச் சொல்லணும்ல. நான்தான் போவேன்."

"சரி, போற. எப்படிப் போற?" என்று தம்பி ஆட்டத்தின் வழக்கப்படி கேட்டான்.

"தெருவால போவ மாட்டேன்" என்றார். "தெருவால போனா ஒவ்வொரு வாசல்லயும் ஆள் வந்து நிப்பாங்க. மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சிக்குவாங்க. நான் போறதுக்குள்ள யாராவது கத்திக்கினு ஓடிடுவாங்க. அப்படித் தெரியக்கூடாது. அதனால பின்பக்கமா, முள்ளுச்செடி ஓரமா போவேன்."

மழைச் சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. நாங்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம்.

"பின்னாடி கதவு வழியாப் போனா அடுப்படி. அந்தப் பொம்பள அங்கதான் இருக்கும். அடுப்பு எரியுதான்னு பார்ப்பேன். கொஞ்சம் தண்ணி குடும்மான்னு கேப்பேன். அது தண்ணி மொள்ள உள்ள போவும். அதுக்குள்ள அடுப்ப அணைச்சிடுவேன். கொழம்பு கொதிச்சிக்கினு இருந்தா எறக்கி வச்சிடுவேன். சேதி கேட்டுட்டு எங்க விழும்னு சொல்ல முடியாது பாரு. பக்கத்துல புள்ள குட்டி இருந்தாலும் இருக்கும்."

தம்பி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். அவர் தானாகவே சொல்லிக்கொண்டு போனார்.

"தண்ணி கொண்டாந்து குடுக்கும். அதைக் குடிச்சி முடிச்சி, சொம்பைக் கீழ வச்சிட்டுத்தான் சொல்லுவேன். மொத தபா எனக்கு அது தெரியல. குடிக்காமலே சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு தண்ணியோட சொம்பைக் கையில புடிச்சிக்கினே நின்னிச்சி. அழல, ஒண்ணும் பண்ணல. சிந்தாமப் புடிச்சிக்கினு நின்னிச்சி. எவ்ளோ நேரம் நின்னிச்சின்னு தெரியல. நான்தான் கையிலருந்து வாங்கினேன்."

எங்கே இருக்கிறோம் என்பதே ஒரு கணம் எனக்கு மறந்துவிட்டது. அது ஆட்டத்தில் வருகிற வீடு இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எந்த வீடு என்றுகூட எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நான் அந்தச் சாவுக்குப் போய், அழாமலே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். அவளிடம் போய்ச் சொன்னது யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கடலில் ஏதாவது ஆனால் ஊரே கரைக்கு ஓடும். அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை. பயந்துகொண்டு எங்கேயாவது ஒதுங்கி நிற்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"உன்னை யாரு போவச் சொன்னது?" என்றேன்.

"ஊர்ல பெரியவங்கதான். நான் சத்தமாப் பேச மாட்டேன்ல, அதனால. ஒரு தபா போனதுக்கு அப்பால, எப்பவும் என்னையே அனுப்புவாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"நீ கேக்கலியே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் கேட்கவில்லைதான். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டோம். கடலில் என்ன நடந்தது என்று ஆம்பளைகள் சொல்வதில்லை, பொம்பளைகள் கேட்பதில்லை. என்ன மீன், எத்தனை கூடை, அவ்வளவுதான் பேச்சு. வீட்டை விட்டு இறங்கும்போது எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கக் கூடாது, சகுனம் ஆகாது. என் கல்யாண வாழ்க்கை முழுக்க நான் கேட்காத கேள்வியை, என் தம்பி ஒரு ஆட்டத்துக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டான். இப்ப நீ இன்னா பண்ற, இப்ப நீ இன்னா பண்ற.

தம்பி பகடைகளை எடுக்கக் கை நீட்டி, "மாமா, நிறுத்திடலாமா?" என்றான்.

"எதுக்கு? நீ கேட்ட, நான் சொன்னேன். மேல கேளு."

தம்பி நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். "இன்னொரு நாளு, இன்னொருத்தங்க வந்து புயல்ல தீவுக்குப் போவணும்னு சொல்றாங்க. நீ இன்னா பண்ற?" என்று கேட்டான்.

"திரும்புன்னு சொல்லுவேன். போன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க மச்சான். திரும்புன்னு சொல்றதுக்கு ஒருத்தனாவது வேணும்ல. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

அதைச் சொல்லும்போது அவர் தம்பியைத்தான் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச மாதமாக அவர் முன்பைவிட அடிக்கடி படகைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் வயதாகிறது, பயம் கூடுகிறது என்று நினைத்தேன். படகில் என் தம்பி இருந்தான். அவனுக்கு ஒன்று ஆகியிருந்தால், முள்ளுச்செடி ஓரமாக நடந்து வந்து, பின்கதவில் நின்று, என்னிடம்தான் அவர் தண்ணீர் கேட்டிருக்க வேண்டும். அதை நினைத்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய், எதையோ தேடுகிற மாதிரி நின்று அழுதேன். ஓரகத்தி பின்னாலேயே வந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதோடு மழை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் தூறிக்கொண்டே இருந்தது. கடலுக்குப் போகலாம் என்று மைக்கில் இன்னும் சொல்லவில்லை. ஆனால் வடக்குத் தெருப் படகுக்காரர் கிளம்பப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அவரே வீட்டுக்கு வந்து, நாளைக்கு விடியற்காலையில் வந்துவிடு என்று தம்பியிடம் சொல்லிவிட்டும் போனார். தம்பி என்னைப் பார்த்தான்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அவன் சின்னப் பையன் இல்லை. கடல் வேண்டுமென்றால் கடல், எந்தப் படகு என்பதும் அவன் பாடு. நான் கையைப் பிடித்து நிறுத்தினால் அவன் உடம்பு இங்கே இருக்கும், மனசு அந்தப் படகில் இருக்கும். "போறதுன்னா போடா. ஆனா மாமாகிட்ட நான் பேச மாட்டேன். நீயே போய்ச் சொல்லு" என்றேன்.

என் வீட்டுக்காரர் அப்போது கரையில், படகுக்குள் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். தம்பி அவரிடம் போனான். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். இவன் ஏதோ சொன்னான். அவர் நிமிர்ந்து பார்த்தார், தலையை ஆட்டினார், அவன் தோளில் தட்டிவிட்டு மறுபடி குனிந்து இறைக்க ஆரம்பித்தார். போ என்று சொல்லிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. தம்பி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். கடலைப் பார்த்தான். வடக்குப் பக்கம் பார்த்தான். அப்புறம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுக்குள் ஏறி, இன்னொரு பக்கெட்டை எடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீரை இறைத்து முடித்தார்கள்.

மறுநாள் வடக்குத் தெருப் படகு போய்விட்டுப் பத்திரமாக வந்தது. இதை மறைக்கக் கூடாது. கூடை கூடையாக இறாலும் வஞ்சிரமும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். கரையே அங்கேதான் நின்றது. எங்கள் படகு மேட்டில் காய்ந்துகொண்டிருந்தது. வழக்கம்போல என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்தார்கள். தம்பி முகத்தில் கொஞ்சம் ஆதங்கம் தெரிந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் தூக்கிப் போடவில்லை.

அந்த மழைக் காலத்துக்குப் பிறகும் நாங்கள் ஆட்டத்தை விடவில்லை. தம்பிக்கு இப்போது வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. லீவில் வரும்போதெல்லாம் பகடைப் பையோடுதான் வருகிறான். நான் தளபதி வேஷம் எடுப்பதில்லை. அந்தத் தீவுக்கும் ஒரு தடவை போய்விட்டோம். காற்று அடங்குகிற வரைக்கும் படகோட்டி எங்களைக் கரையிலேயே உட்கார வைத்தார். அந்த நாட்களையும் தம்பி கதையாகவே ஆக்கிவிட்டான். இரண்டு தலைப் பாம்பைப் பார்த்தபோது ஓரகத்தி அதைக் கருவாடாக்க முடியுமா என்று கேட்டாள்.

ஆனால் எனக்கு ஆட்டத்தைவிட வேறு ஒன்றுதான் முக்கியமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்ததும் கேட்கிற முதல் வார்த்தை, "கொஞ்சம் தண்ணி குடு" என்பதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைத்தான் கேட்கிறார். கையில் வேலை இருந்தால் நீயே மொண்டுக்கோ என்று சொல்லிவிடுவேன். இப்போது என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். குடித்து முடித்து, சொம்பைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, எதுவுமே சொல்லாமல் அவர் சுவரில் சாய்ந்து உட்காருகிறார் பாருங்கள், அதைவிட நல்ல சேதி இந்தக் கரையில் எந்தப் பொம்பளைக்கும் வந்திருக்காது என்று ஒவ்வொரு நாளும் எனக்குத் தோன்றுகிறது.